நகராத சனியும் நின்றுபோன புயலும்

2025 மார்ச்சில் விழுப்புரத்திலிருந்து சித்தி போன் செய்தார். "ஏம்ப்பா, திருநள்ளாறுக்கு வேன் பேசி அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இப்ப பெயர்ச்சியே இல்லைங்கறாங்க. டிவியில 29ஆம் தேதிங்கறான். யாரை நம்புறது?"

கல்லூரியில் இயற்பியல் படித்தேன் என்ற ஒரே காரணத்துக்காக, எங்கள் வீட்டில் கிரகம் சம்பந்தப்பட்ட கேள்வி எல்லாம் கடலூரில் இருக்கும் எனக்குத்தான் வரும். ஜோசியரிடம் போகவேண்டியதும் சேர்த்து.

விஷயம் இதுதான். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி அந்த மார்ச் 29 அன்று மீனத்துக்குப் போய்விட்டார். திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிற கோயில். அந்தக் கணக்கில் பெயர்ச்சி 2026இல்தான் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. வானத்தில் இருப்பது ஒரே சனி, ஆனால் இரண்டு கணக்குக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் விழுந்து கிடக்கிறது.

சித்திக்கு இதை விளக்கப்போய்த்தான் எனக்கே ஒன்று உறைத்தது. சில ஆண்டுகளாக இயற்பியலில் நடக்கிற ஒரு பெரிய மாற்றத்தை, நம் கடற்கரைக்கு நேராக வந்து தொடுகிற மாற்றத்தை, இந்தப் பஞ்சாங்கச் சண்டையை வைத்தே புரிந்துகொள்ளலாம். வானிலை கணிப்பில் இப்போது ஒரு புது வாக்கியப் பஞ்சாங்கம் வந்திருக்கிறது.

வாக்கியம் என்றால் என்ன? நிலா ஒரே வேகத்தில் போவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது மெதுவு. இந்த ஏற்ற இறக்கம் 248 நாளில் கிட்டத்தட்ட சரியாக 9 முறை வந்துபோகும். ஆகவே 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று ஒருமுறை குறித்துவிட்டால், பிறகு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அந்த 248 எண்களையும் எழுத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் சொற்களாக்கி, மனப்பாடமாக வைத்திருந்தார்கள். அந்தச் சொற்கள்தான் வாக்கியங்கள். நிலா ஏன் அப்படிப் போகிறது என்று வாக்கியத்துக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இதைப் புதுச்சேரியில் நேரில் பார்த்து எழுதிவைத்த ஒருவர் உண்டு. பெயர் ஜான் வாரன். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவர், சென்னை வானாய்வகப் பொறுப்பிலும் கொஞ்ச காலம் இருந்தவர். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, எண்களுக்குப் பதில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டே 1825ஆம் ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தாள் இல்லை, பேனா இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது. முடிவு பிசகியதைவிட, சோழியை வைத்துத் தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

திருக்கணிதம் இன்னொரு வழி. 'திரு' என்பதால் அது ஏதோ புனிதக் கணிதம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது 'த்ருக்', பார்வை. கண்ணால் வானத்தைப் பார்த்து, கணக்கு தப்பினால் கணக்கைத் திருத்து என்பது அதன் முறை. கேரளத்தில் பரமேசுவரர் என்ற வானியலாளர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து 1431இல் த்ருக்கணிதம் எழுதினார். திருத்தாமல் விட்ட அட்டவணையில் சிறு பிழை ஆண்டுக்கு ஆண்டு சேரும். மெதுவாக நகரும் சனி விஷயத்தில் அது சேர்ந்து சேர்ந்து, இன்று சித்தியின் வேன் வரைக்கும் வந்து நிற்கிறது.

கிரகத்துக்கு இவ்வளவு செய்ய முடிந்தது. மேகத்துக்கு?

அதற்கும் புதுச்சேரியிலேயே கதை இருக்கிறது. சூரியனின் முகத்தில் வெள்ளி கடந்துபோவதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜென்டில் என்ற வானியலாளர். வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, அந்த ஆண்டு ஜூனில் ஆடுகிற கப்பலில் இருந்துதான் பார்க்க வாய்த்தது. அளக்க முடியவில்லை. சரி, எட்டு வருடம் கழித்து மறுபடி வருமே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வகம் கட்டினார். காத்திருந்த நேரத்தில் உள்ளூர்த் தமிழர்களிடம் கிரகணக் கணக்கும் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 காலை வெள்ளி சரியான நேரத்துக்குச் சூரியனைக் கடந்தது. புதுச்சேரி வானத்தை மேகம் மூடியிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது.

வெள்ளி வரும் நாளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்ல முடிந்தது. மறுநாள் காலை மேகம் இருக்குமா என்று சொல்ல உலகில் ஒருவராலும் முடியவில்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே நியூட்டன் விதிக்குக் கட்டுப்பட்டவைதான்.

மேகத்தைக் கணக்குப் போட முதலில் துணிந்தவர் லூயிஸ் ரிச்சர்ட்சன். காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் எல்லாவற்றுக்கும் இயற்பியல் சமன்பாடு இருக்கிறது. வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அதைப் போட்டுக்கொண்டே போனால் நாளைய வானிலை கிடைத்துவிடும் என்று நினைத்தார். 1910 மே 20ஆம் தேதியின் ஆறு மணி நேரத்துக்குக் கையால் கணக்குப் போட்டதில், அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. 2011இல் வந்த 'தானே' மாதிரியான கடும் புயலின் மையத்தில்கூட அழுத்தம் இதில் பாதி அளவு மாறுவதில்லை. உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை. தப்பான விடையை மறைக்காமல் 1922இல் புத்தகமாகவே போட்டார் மனிதர். 64,000 பேர் ஒரு பெரிய அரங்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடு கொடுக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தார். பின்னாளில் அந்த 64,000 பேரின் இடத்தில் கணினி வந்து உட்கார்ந்தது.

கணினி வந்ததும் வேறொரு குட்டு வெளிப்பட்டது. 1961இல் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் ஒரு வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மறுபடி ஓட்டும்போது, 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கொஞ்ச நேரம் பழைய விடையோடு ஒட்டி ஓடிய வானிலை, பிறகு முற்றிலும் வேறாகிவிட்டது. அளவீட்டில் இருக்கும் மயிரிழைப் பிழை நாள் ஏற ஏறப் பூதமாகும் என்பதே இதன் பொருள். பத்து நாள் கழித்துப் புயல் எந்த ஊரில் கரையேறும் என்று ஆணியடித்தாற்போல் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை.

இப்போது அந்தப் புது வாக்கியத்துக்கு வருவோம்.

2024 அக்டோபரில் இயற்பியல் நோபல் பரிசு, செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டதற்காக, ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் அறிவிக்கப்பட்டபோது, "இது கம்ப்யூட்டர் ஆயிற்றே, இயற்பியல் எங்கே?" என்று இயற்பியல்காரர்களே முணுமுணுத்தார்கள். எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை. நினைவு வைத்துக்கொள்ளும் ஒரு செயற்கை வலையை உருவாக்க ஹாப்ஃபீல்டு 1982இல் எடுத்துக்கொண்டது காந்தத்தின் இயற்பியலை. காந்தப் பொருளில் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுக்களைப் பார்த்துத் தன் திசையை மாற்றிக்கொள்ளும், கடைசியில் ஆற்றல் குறைந்த ஒரு நிலையில் எல்லாம் அடங்கும். மழைத் தண்ணீர் தெருவில் எங்கே விழுந்தாலும் கடைசியில் பள்ளத்தில் போய்த் தேங்குகிறதே, அப்படி. ஒவ்வொரு நினைவும் ஒரு பள்ளம் என்று வைத்துக்கொண்டால், பாட்டின் முதல் இரண்டு சொல் காதில் விழுந்ததும் மிச்சப் பாட்டு தானாக வருவது போல, அரைகுறைத் தகவலைப் போட்டாலும் அது உருண்டு முழு நினைவில் போய் நிற்கும். அதே வழியில் ஹின்டன் குழு உருவாக்கிய, தானே கற்றுக்கொள்ளும் இயந்திரத்துக்குப் பெயரே போல்ட்ஸ்மான், வெப்ப இயற்பியல் மேதையின் பெயர்.

இதற்கு மூன்று வருடம் முன்பு, 2021 பரிசை மூவர் பகிர்ந்துகொண்டார்கள். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1960களிலேயே கணினியில் போட்டுப் பார்த்த சியுகுரோ மனாபே, காலநிலை இயற்பியலாளர் கிளாஸ் ஹாசல்மான், மூன்றாவதாக ஜியார்ஜியோ பாரிசி. பாரிசி வேலை செய்தது ஒழுங்கற்ற காந்தப் பொருள்களில். அவருடைய கணிதத்தைக் கொண்டுதான் ஹாப்ஃபீல்டின் வலையில் எத்தனை நினைவு கொள்ளும் என்று பிறகு கணக்கிட்டார்கள். அதாவது வானிலையும் நினைவும் அன்றே ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தன.

பிறகு அவை ஒன்றாகவே ஆகிவிட்டன. 2023இல் ஹுவாவேயின் பாங்கு, கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வந்தன. கிராஃப்காஸ்டுக்குக் காற்றின் சமன்பாடு எதையும் சொல்லித்தரவில்லை. 1979 முதல் 2017 வரை உலக வானிலை எப்படி இருந்தது என்ற பதிவை மட்டும் காட்டினார்கள். இப்படி இருந்த வானம் ஆறு மணி நேரம் கழித்து எப்படி ஆனது என்று பார்த்துப் பார்த்து அது பழகிக்கொண்டது. சோழி பரப்பிய கணிதரைப் போல, ஏன் என்று கேட்காமல். விளைவு? சூப்பர் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் போடும் பத்து நாள் கணிப்பை, ஒற்றை இயந்திரத்தில் ஒரு நிமிடத்துக்குள் போட்டது. பெரும்பாலான அளவுகோல்களில் ஐரோப்பிய வானிலை கணிப்பு மையத்தின் சமன்பாட்டுக் கணிப்பையும் முந்தியது. அந்த ஐரோப்பிய மையமே 2025 பிப்ரவரியில் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

சரி, நினைவே போதுமென்றால் சமன்பாட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாமா?

இங்கேதான் நான் 2024 நவம்பர் 30ஐ நினைத்துக்கொள்கிறேன். ஃபெஞ்சல் புயல் வந்த சனிக்கிழமை. புயலாகுமா, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையேறுமா என்று அதற்கு முன் சில நாளாகவே இழுபறி. இரவு பத்தரைக்கு மேல் புதுச்சேரி அருகே கரையேறியது. காற்று மணிக்கு 70, 80 கிலோமீட்டர். 2011 டிசம்பர் 30இல் 140 வரை வீசிப் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானேயைப் பார்த்த எங்களுக்கு, "இவ்வளவுதானா" என்றுதான் இருந்தது.

ஆனால் கரையேறியது நகரவில்லை. புயலுக்குத் தானாகப் போகக் கால் கிடையாது. சுற்றியிருக்கும் பெருங்காற்று அதை இழுத்துப் போகவேண்டும். ஆற்றுச் சுழி ஓட்டத்தோடு போவது போலத்தான். அந்த ஓட்டம் ஓய்ந்துவிட்டால் சுழி ஒரே இடத்தில் நின்று சுற்றும். ஃபெஞ்சல் பல மணி நேரம் புதுச்சேரியை விட்டு அசையாமல் நின்று கொட்டியது. ரெயின்போ நகர் நண்பர் விடியற்காலை வீடியோ அனுப்பினார். வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர், அதில் கேஸ் சிலிண்டர் மிதந்து மிதந்து பூஜை அறைக் கதவை இடித்துக்கொண்டிருந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு முன் புதுச்சேரியின் உச்சமாகப் பேசப்பட்டது 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 சென்டிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல்.

கடலூருக்கு அடி பின்னால் வந்தது. மேற்கே போன மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலை நொடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். வானம் வெளுத்து, அப்பாடா என்று துணி காயப்போட்ட பிறகு, தென்பெண்ணை உப்பலவாடிக்கும் தாழங்குடாவுக்கும் வந்து சேர்ந்தது.

21 பார்த்த ஊரில் 45 பெய்கிறது. பழைய நினைவை மட்டும் நம்பும் இயந்திரம் இதை எப்படிச் சொல்லும்? இந்தக் கேள்வியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு நேராகவே கேட்டுப் பார்த்தது. ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரிக்குப் பாடம் நடத்தும்போது, கடும் புயல்கள் அத்தனையையும் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு ஐந்தாம் வகைப் புயலொன்றின், அதாவது இருப்பதிலேயே கடுமையான வகையின், தொடக்கத்தைக் காட்டி, இது என்னவாகும் என்று கேட்டார்கள். சாதாரணப் புயல்தான், பயப்படாதே என்றது இயந்திரம். 2025இல் வெளிவந்த முடிவு இது. இன்னொன்றும் கண்டார்கள், அது ஆறுதலானது: ஒரு கடலின் கடும் புயல்களை மட்டும் மறைத்துவிட்டு வேறு கடலின் கடும் புயல்களைக் காட்டினால், அதை வைத்து அது சமாளித்துக்கொள்கிறது. அட்லாண்டிக்கில் அடித்தது வங்கக் கடலுக்குப் பாடமாகலாம். உலகில் எங்குமே அடிக்காதது அடித்தால்தான் சிக்கல்.

அதற்கான சூழலும் கனிந்துகொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு வெப்ப இயற்பியல், இதில் இழுபறி இல்லை. 2017 வரையிலான வானத்தை மனப்பாடம் செய்த இயந்திரம், அதைவிடச் சூடான கடலைக் கணிக்கிறது. திருத்தாத அட்டவணையில் சனி பின்தங்கியது போல இதுவும் தங்கும். என்ன, சனி பின்தங்கினால் வேன் முன்பணம் போகும், அவ்வளவுதான்.

கட்டத்தின் அளவு இன்னொரு தொல்லை. இந்த மாதிரிகள் பலவும் உலகத்தைக் கால் டிகிரிக் கட்டங்களாகப் பார்க்கின்றன. ஒரு கட்டம் சுமார் 28 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு 22 கிலோமீட்டர்தான், பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆக, இரண்டு ஊரையும் பிரித்துப் பார்ப்பதே அதன் கண்ணுக்குக் கஷ்டம். புயலின் பாதையை நன்றாகச் சொல்லும் இயந்திரம் வேகத்தைக் குறைத்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டின் பாரத் கணிப்பு முறை, 2025 மே மாதம் வெளியிடப்பட்டது, சமன்பாட்டு வழியில் 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. முன்பு 12. அதற்கு வேண்டிய அர்கா, அருணிகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர்களுக்கு 850 கோடி ரூபாய் ஆனது. ஒரு நிமிட வாக்கியம் இருக்கும்போது இவ்வளவு செலவா என்று கேட்பவர்களை ரெயின்போ நகருக்கு அனுப்பலாம்.

நடுவழியும் உண்டு. காற்றோட்டத்துக்குச் சமன்பாடு, மேகம் மாதிரி நுணுக்கமானவற்றுக்கு நினைவு என்று இரண்டையும் பிணைத்த நியூரல்ஜிசிஎம் என்ற மாதிரி 2024இல் வந்தது. அதையும் ஐரோப்பிய மாதிரியையும் வைத்து 2025இல் மத்திய வேளாண் அமைச்சகம் பருவமழை எப்போது தொடங்கும் என்று 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனில் பத்து நாள் கழித்து வரப்போகும் புயலின் சிவப்பும் ஊதாவுமான படம் இருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ தட்டிவிட்டது. முன்பு பெரிய மையங்களின் அறைக்குள் இருந்த படம், இப்போது யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆனதால் தெருவுக்கு வந்துவிட்டது. மையங்கள் தொடக்க நிலையைத் துளித்துளி மாற்றி ஐம்பது முறை ஓட்டுகின்றன. லாரன்ஸ் கற்றுத்தந்த பாடம் அது. அந்த ஐம்பதில் மிகப் பயங்கரமான ஒன்றுதான் நம் போனுக்கு வருகிறது.

"கூண்டு ஏத்திட்டா டீசலே போடமாட்டோம் தம்பி. பத்து தடவ ஏத்துறான், ரெண்டு தடவதான் வருது."

"அப்ப எட்டு நாள் வருமானம் போச்சே, அண்ணே?"

"போச்சுதான். அந்த ரெண்டு எதுன்னு நீயா சொல்வ?"

நிகழ்தகவை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. கடலூர் துறைமுகத்தில் ஏற்றும் அந்தக் கூண்டுக்கு எண் ஒன்றிலிருந்து பதினொன்று வரை. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் கடும் புயலுக்கு. பதினொன்று அதற்கும் மேல் என்று பலர் நினைக்கிறார்கள். பதினொன்றுக்கு அர்த்தம், எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி தகவல் வராது என்பதுதான்.

தகவல் என்றதும் ஒன்று. நினைவோ சமன்பாடோ, இரண்டுக்கும் இன்றைய வானம் எப்படி இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். காரைக்காலில் வானிலைத் துறைக்கு ரேடார் இருக்கிறது, மேல்வானத்தை அளக்கப் பலூன் விடும் நிலையமும் இருக்கிறது. வெள்ளைப் பலூன், அடியில் கைக்கடக்கமான ஒரு கருவி. வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று என்று அளந்து அனுப்பிக்கொண்டே மேலே போய், வானம் மெலிந்த இடத்தில் ஊதிப் பெருத்து வெடித்துவிடும். அந்த எண்கள் உலக மையங்களுக்குப் போய், மற்ற ஆயிரக்கணக்கான அளவீடுகளோடு சேர்ந்து கணிப்பின் முதல் வரியாகின்றன.

சித்தி வேனை ரத்து செய்யவில்லை. "இப்பவும் போயிடுவோம், அடுத்த வருஷமும் போயிடுவோம். எது சரின்னாலும் சரி" என்றார். ஐம்பது முறை ஓட்டும் மையத்தின் புத்தி. நானும் ஏறிக்கொண்டேன். தரிசனம் முடிந்து காரைக்கால் பக்கம் டீக்கு நிறுத்தியபோது மாலை ஐந்து இருக்கும். சித்தியின் பேத்தி வானத்தைக் காட்டி, "யாரோ பலூனை விட்டுட்டாங்க" என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அது வெள்ளைப் புள்ளியாகிவிட்டிருந்தது. கொண்டல் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு போனது.